பாராட்டிலும் ஒரு முள்!

“எவ்வளவு அழகாக இங்கிலீஷ் பேசுகிறீர்கள்! எங்கே கற்றுக்கொண்டீர்கள்?”

இப்படி ஒருவர் இன்னொருவரைக் கேட்டார்.

கேட்டவர், அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப்.

கேட்கப்பட்டவரும் ஒரு ஜனாதிபதிதான். ஆப்பிரிக்காவில் உள்ள லைபீரியா நாட்டின் ஜனாதிபதி. பெயர் ஜோசப் போகாய்.

இடம், வாஷிங்டனில் உள்ள வெள்ளை மாளிகை. நாள், 2025-ம் ஆண்டு ஜூலை மாதம் 9-ந் தேதி.

அன்று ஆப்பிரிக்க நாட்டுத் தலைவர்கள் 5 பேருக்கு டிரம்ப் மதிய விருந்து வைத்தார். ஒவ்வொரு தலைவரும் சில வார்த்தைகள் பேசினார்கள். போகாயும் பேசினார். அவர் பேசி முடித்ததும் டிரம்ப்புக்கு ஒரே ஆச்சரியம். “எங்கே படித்தீர்கள்?” என்றும் கேட்டார்.

லைபீரியாவில்தான் என்று போகாய் பதில் சொன்னார்.

“லைபீரியாவிலா! சுவாரசியமாக இருக்கிறதே! இந்த மேஜையில் இருப்பவர்களிலேயே சிலருக்கு இவ்வளவு நன்றாகப் பேச வராது” என்றார் டிரம்ப்.

போகாய் சிரித்துக்கொண்டார். விருந்து தொடர்ந்தது.

ஆனால், அந்தச் சில வார்த்தைகள் உலகம் முழுவதும் பேசப்பட்டன. லைபீரியாவில் பலர் முகம் சுளித்தார்கள்.

ஏன்? பாராட்டினால் சந்தோஷப்பட வேண்டாமா? முகம் சுளிப்பானேன்?

காரணம் இருக்கிறது.

அமெரிக்கா பெற்ற பிள்ளை

லைபீரியாவின் ஆட்சிமொழியே இங்கிலீஷ்தான்! பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ். கோர்ட்டில் இங்கிலீஷ். பார்லிமெண்டில் இங்கிலீஷ்.

அந்த மொழி அங்கே எப்படிப் போயிற்று? அமெரிக்காவில் இருந்துதான் போயிற்று.

அமெரிக்காவில் கறுப்பர்கள் அடிமைகளாக இருந்த காலம் அது. விடுதலை பெற்ற கறுப்பர்களைக் கப்பல் ஏற்றி ஆப்பிரிக்காவில் குடியேற்ற, 1816-ல் அமெரிக்காவில் ஒரு சங்கம் அமைத்தார்கள். 1822-ல் குடியேற்றம் உண்டாயிற்று. 1847-ம் ஆண்டு ஜூலை 26-ந் தேதி அது “லைபீரியா” என்ற சுதந்திர நாடாயிற்று. அதன் தலைநகரின் பெயர் மன்ரோவியா. ஜேம்ஸ் மன்ரோ என்ற அமெரிக்க ஜனாதிபதியின் பெயரைத்தான் அந்த நகருக்குச் சூட்டினார்கள்.

போகாய் நேற்று வந்தவர் அல்ல. லைபீரியா சர்வகலாசாலையில் படித்தவர். 12 ஆண்டுகள் உதவி ஜனாதிபதியாக இருந்தவர். 2024-ல் ஜனாதிபதியானவர்.

அவரைப் பார்த்து, “அழகாக இங்கிலீஷ் பேசுகிறீர்களே!” என்று வியப்பது, ஒரு வக்கீலைப் பார்த்து, “அடடே, உங்களுக்குச் சட்டம் தெரிகிறதே!” என்று வியப்பது போல.

நியாயமாகப் பார்ப்போம்

ஒரு தரப்பை மட்டும் சொன்னால் நியாயம் ஆகாது.

அது மனதாரச் சொன்ன பாராட்டு என்று வெள்ளை மாளிகை விளக்கம் சொல்லிற்று. போகாய் மனம் நோகவில்லை என்று லைபீரியாவின் வெளிநாட்டு மந்திரியும் சொன்னார்.

இன்னொன்றும் உண்டு. விருந்துக்கு வந்த மற்ற 4 நாடுகள், செனகல், காபோன், மாரிட்டானியா, கினி பிசாவ். அந்த நாடுகளில் பிரெஞ்சு, அரபு, போர்ச்சுகீசியம் போன்ற மொழிகள் நடக்கின்றன. நடுவில் ஒருவர் இங்கிலீஷில் சரளமாகப் பேசியதும் டிரம்ப் வியந்திருக்கலாம்.

ஆகவே, டிரம்ப் மனதில் என்ன இருந்தது என்று நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டியது இல்லை.

நாம் பார்க்க வேண்டியது வேறு. கறுப்பர் ஒருவர் வாயைத் திறந்து ஒழுங்காகப் பேசினால், “ஆகா, எவ்வளவு நன்றாகப் பேசுகிறார்!” என்று வெள்ளைக்காரர்கள் வியப்பது 250 ஆண்டு வழக்கம். அந்த வழக்கத்துக்கு ஒரு கதை இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால்தான், முகம் சுளித்தவர்கள் ஏன் சுளித்தார்கள் என்பது விளங்கும்.

ஒளிந்திருக்கும் சொல்

நம் வீடுகளில் ஒரு பேச்சு உண்டு. பெண் பார்க்கப் போய் வந்தவர்கள் சொல்வார்கள்:

“பெண் கறுப்பாக இருந்தாலும் களையாக இருக்கிறாள்.”

சொன்னவர் பாராட்டித்தான் சொன்னார். ஆனால், அந்தப் பெண்ணின் காதில் விழுவது “களை” அல்ல. “இருந்தாலும்” என்ற சொல்தான் விழும். கறுப்பாக இருப்பவளுக்குக் களை இருக்காது என்று அவர்கள் நினைத்து வந்திருக்கிறார்கள் என்பதை அந்த ஒரு சொல் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

“நன்றாகப் பேசுகிறீர்களே!” என்ற பாராட்டிலும் அந்தச் சொல் ஒளிந்திருக்கிறது.

“நீங்கள் கறுப்பராக இருந்தாலும் நன்றாகப் பேசுகிறீர்களே!”

சொல்கிறவர் முன்பாதியை வாய்விட்டுச் சொல்லுவது இல்லை. சில சமயம், அது தன் மனதில் இருப்பதே அவருக்குத் தெரியாது. ஆனால், கேட்கிறவருக்கு அது கேட்டுவிடுகிறது. ஏன் என்றால், அவர் அதைச் சின்ன வயது முதல் கேட்டுக் கேட்டுப் பழகியவர்.

எதிர்பார்த்தது நடந்தால் யாரும் வியப்பது இல்லை. எதிர்பாராதது நடந்தால்தான் வியப்பு வரும். மீன் நீந்துவதைப் பார்த்து யாராவது கை தட்டுவார்களா?

ஒபாமாவுக்குக் கிடைத்த பாராட்டு

2007-ம் ஆண்டு ஜனவரி மாதம்.

அமெரிக்க ஜனாதிபதி தேர்தலுக்குப் பலர் போட்டிக்குத் தயாரானார்கள். ஜோ பைடன் ஒருவர். பராக் ஒபாமா இன்னொருவர்.

பைடன் ஒரு பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார். அதில் ஒபாமாவைப் புகழ்ந்தார். நன்றாகப் பேசத் தெரிந்தவர், அறிவாளி, சுத்தமானவர், பார்க்கவும் நன்றாக இருக்கிறார் என்றார். கறுப்பர்களில் இப்படி எல்லோரும் ஏற்கும்படியாக வந்திருக்கும் முதல் ஆள் அவர்தான் என்ற பொருள்படவும் பேசினார்.

பேட்டி வெளிவந்த அன்றே அமளி ஏற்பட்டது.

ஒபாமா யார்? ஹார்வர்டு சட்டக் கல்லூரியில் படித்தவர். சட்டம் சொல்லிக்கொடுத்தவர். அப்போது செனட் சபை உறுப்பினர். அப்படிப்பட்டவருக்குப் பேசத் தெரிவது ஓர் அதிசயமா? சுத்தமாக இருப்பது ஒரு பெருமையா? ஹார்வர்டில் படித்த ஒரு வெள்ளைக்காரரை, “இவருக்குப் பேசத் தெரிகிறது, சுத்தமாகவும் இருக்கிறார்” என்று யாராவது புகழ்வார்களா?

ஒபாமா கோபப்படவில்லை. தன்னைப் பற்றிச் சொன்னதை அவர் பெரிதுபடுத்தவில்லை. ஆனால், தனக்கு முன்னால் வந்தவர்களை விட்டுக்கொடுக்கவும் இல்லை.

1972-ல் ஜனாதிபதி தேர்தல் களத்தில் இறங்கியவர் ஷெர்லி சிஷோம் என்ற கறுப்பினப் பெண்மணி. 1984-லும் 1988-லும் போட்டியிட்டவர் ஜெசி ஜாக்சன். 2004 தேர்தலுக்கு முயன்றவர்கள் கரோல் மோஸ்லி பிரவுன், அல் ஷார்ப்டன். இவர்களின் பெயர்களை எல்லாம் ஒபாமா வரிசையாகச் சொன்னார். இவர்களுக்குப் பேசத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது என்றார்.

ஜெசி ஜாக்சன் ஒரு பாதிரியார். பெரிய பேச்சாளர். அவர் மேடை ஏறினால் கூட்டம் கட்டுண்டு நிற்கும். அவரையும் சேர்த்து, முன்னால் வந்த அத்தனை பேரையும் தள்ளிவிட்டுத்தான் அந்தப் பாராட்டு ஒபாமாவிடம் வந்தது!

இந்தப் பாராட்டில் இருக்கும் பெரிய கெடுதல் இதுதான். ஒருவரைத் தூக்கும்போது, அவர் இனத்தையே கீழே தள்ளிவிடுகிறது. “நீ உன் ஆட்களைப் போல இல்லை” என்று ஒருவரிடம் சொன்னால், அவர் எப்படிச் சந்தோஷப்படுவார்? அவருடைய தாயும் தந்தையும் அந்த “ஆட்கள்”தானே?

பைடன் வருத்தம் தெரிவித்தார். ஒபாமாவும் அதை மறந்தார். 2008-ல் அதே பைடனைத் தன் உதவி ஜனாதிபதி வேட்பாளராகச் சேர்த்துக்கொண்டார். நல்ல எண்ணம் உள்ளவர் வாயிலும் இந்த முள் இருக்கும் என்பதற்கு இதுவே சாட்சி.

18 பேர் கையெழுத்து

இனி, பழைய கதைக்கு வருவோம்.

1761-ம் ஆண்டு. அமெரிக்காவில் பாஸ்டன் துறைமுகத்தில் ஓர் அடிமைக் கப்பல் வந்து நின்றது. அதில் ஒரு சிறுமி இருந்தாள். வயது 7 அல்லது 8 இருக்கும். வீட்லி என்ற வியாபாரியின் குடும்பம் அவளை விலைக்கு வாங்கிற்று.

அவள் வந்த கப்பலின் பெயர் “பிலிஸ்”. அந்தப் பெயரையே அவளுக்கு வைத்துவிட்டார்கள்! பிலிஸ் வீட்லி என்று அழைத்தார்கள். தாய் தந்தையர் வைத்த பெயர் போய்விட்டது.

அந்த வீட்டில் அவளுக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். ஒன்றரை வருஷம் ஆவதற்குள் பைபிளின் கடினமான பகுதிகளைக்கூடப் படித்தாள் என்று வீட்டுக்காரரே எழுதி வைத்திருக்கிறார். லத்தீனும் கற்றாள். இங்கிலீஷில் கவிதை எழுதத் தொடங்கினாள்.

பாஸ்டனில் புத்தகம் போட முடியவில்லை. கடைசியில், 1773-ல் லண்டனில் புத்தகம் வெளிவந்தது.

அந்தப் புத்தகத்தின் முன்பக்கத்தில் என்ன இருந்தது தெரியுமா?

ஒரு சான்றிதழ்!

இந்தக் கவிதைகளை எழுதியது இந்தப் பெண்தான் என்று நம்புகிறோம் என 18 பெரிய மனிதர்கள் அதில் சாட்சி சொல்லி இருந்தார்கள். அந்த மாகாணத்தின் கவர்னர் ஒருவர். பிறகு அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் முதல் கையெழுத்துப் போட்ட ஜான் ஹான்காக் ஒருவர்.

எந்த வெள்ளைக்காரக் கவிஞரின் புத்தகத்துக்கும் இப்படி 18 பேர் சாட்சிக் கையெழுத்து தேவைப்பட்டது உண்டா? கறுப்புப் பெண் எழுதினாள் என்றால் உலகம் நம்பாது. ஆகவே, வெள்ளைக்காரர்கள் கையெழுத்துப் போட வேண்டி இருந்தது.

முதலில் சந்தேகம். அது தெளிந்ததும் வியப்பு. “நன்றாகப் பேசுகிறாயே” என்ற பாராட்டு, அந்தச் சந்தேகத்தின் தம்பி.

எழுதினால் கசையடி

இதில் ஒரு கொடுமையும் இருக்கிறது.

கறுப்பர்களுக்கு எழுத்து வராது என்று சொன்னவர்களே, அவர்களுக்கு எழுத்து வரக்கூடாது என்று சட்டமும் போட்டார்கள்!

தெற்குக் கரோலினாவில் 1740-ல் ஒரு சட்டம் வந்தது. அடிமைக்கு எழுதக் கற்றுக்கொடுத்தால் 100 பவுன் அபராதம்.

வடக்குக் கரோலினாவில் 1830-ல் இன்னொரு சட்டம் வந்தது. அடிமைக்கு ஒரு வெள்ளைக்காரர் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தால் அபராதம் அல்லது சிறை. ஓர் அடிமையே இன்னோர் அடிமைக்குக் கற்றுக்கொடுத்தால், வெற்று முதுகில் 39 கசையடி! கணக்குக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள்.

கதவைப் பூட்டுகிறவன் ஒருவன். “ஏன் உள்ளே வரவில்லை?” என்று கேட்கிறவனும் அவனே. யாராவது சுவர் ஏறிக் குதித்து உள்ளே வந்துவிட்டால், “அட, நீ எப்படி வந்தாய்?” என்று வியக்கிறவனும் அவனே.

ரொட்டி கொடுத்துப் படித்த சிறுவன்

அப்படிச் சுவர் ஏறிக் குதித்தவர்களில் ஒருவர் பிரெடரிக் டக்ளஸ்.

மேரிலாந்தில் 1818-ல் அடிமையாகப் பிறந்தவர். சுமார் 8 வயதில் பால்டிமோர் நகரத்துக்கு வேலைக்கு அனுப்பப்பட்டார். அந்த வீட்டு எஜமானி நல்லவள். பையனுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். புருஷனுக்கு அது தெரிந்தது. உடனே நிறுத்தச் சொன்னான். அடிமை படித்துவிட்டால் பிறகு அடிமையாக இருக்கமாட்டான் என்றான்.

பையன் அதைக் கேட்டான். படிப்பில் என்னமோ இருக்கிறது என்று அன்றே புரிந்துகொண்டான்.

தெருவில் ஏழை வெள்ளைக்காரப் பையன்கள் விளையாடுவார்கள். அவர்களுக்குப் பசி. இவனுக்குப் படிப்பு ஆசை. வீட்டில் இருந்து ரொட்டியைக் கொண்டுபோய் அவர்களுக்குக் கொடுத்தான். பதிலுக்கு அவர்கள் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள்.

கப்பல் கட்டும் இடத்தில் தச்சர்கள் மரத்துண்டுகளில் எழுத்துப் போட்டு வைப்பார்கள். எந்தத் துண்டு கப்பலின் எந்தப் பக்கத்துக்கு என்பதற்கு அது அடையாளம். அவற்றைப் பார்த்து நாலு எழுத்து எழுதப் பழகினான். பிறகு பையன்களிடம் போய், “உன்னைப் போல எனக்கும் எழுதத் தெரியும்” என்பான். அந்த நாலு எழுத்தை எழுதிக் காட்டுவான். “இது தெரியுமா?” என்று அவர்கள் வேறு எழுத்துகளை எழுதிக் காட்டுவார்கள். அவற்றையும் கற்றுக்கொள்வான்! சுவர்தான் சிலேட்டு. சுண்ணக்கட்டிதான் பேனா.

50 காசு சேர்த்து ஒரு புத்தகம் வாங்கினான். அது பெரியவர்களின் சொற்பொழிவுகள் அடங்கிய புத்தகம். அதைத் திரும்பத் திரும்பப் படித்தான்.

1838-ம் ஆண்டு செப்டம்பர் 3-ந் தேதி, மாலுமி வேஷம் போட்டு, ரெயில் ஏறித் தப்பினார் டக்ளஸ். 1841-ல் அடிமை ஒழிப்புக் கூட்டம் ஒன்றில் பேசினார். கூட்டம் அசந்துபோயிற்று. ஊர் ஊராகப் பேச அவரை அழைத்துப் போனார்கள்.

பிறகுதான் சிக்கல் வந்தது.

அவர் பேச்சு நாளுக்கு நாள் மெருகு ஏறிற்று. ஜனங்கள் சந்தேகப்பட்டார்கள். “இவ்வளவு நன்றாகப் பேசுகிறவன் அடிமையாக இருந்திருக்க முடியுமா? பொய் சொல்கிறான்!” என்றார்கள்.

அவருடைய வெள்ளைக்கார நண்பர்களே ஒரு யோசனை சொன்னார்கள். பேச்சில் கொஞ்சம் அடிமைக் கொச்சை கலந்து பேசினால் நல்லது, ரொம்பப் படித்தவர் போலத் தோன்றாமல் இருந்தால் நல்லது என்றார்கள்.

எப்படி இருக்கிறது பாருங்கள்! கொச்சையாகப் பேசினால், “இவனுக்கு அறிவு இல்லை.” நன்றாகப் பேசினால், “இவன் அடிமையே அல்ல.” எப்படிப் பேசினாலும் குற்றம்.

டக்ளஸ் என்ன செய்தார்?

1845-ல் தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். பிறந்த ஊர், இருந்த வீடு, எஜமானன் பெயர் எல்லாவற்றையும் வெளிப்படையாக எழுதினார். அதில் எவ்வளவு ஆபத்து! அவர் தப்பி வந்த அடிமை. இருக்கும் இடம் தெரிந்தால் சட்டப்படி பிடித்துக்கொண்டு போய்விடலாம்.

தான் பேசுவது உண்மை என்று நிரூபிக்க, தன் சுதந்திரத்தையே பணயம் வைத்தார் அவர்.

புத்தகம் வெளிவந்ததும் கடல் கடந்து அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் போனார். அங்கே இருந்த நண்பர்கள் பணம் திரட்டினார்கள். 1846-ல் பழைய எஜமானனுக்கு விலை கொடுத்து அவருக்கு விடுதலை வாங்கினார்கள். 1847-ல் நாடு திரும்பினார். சொந்தமாகப் பத்திரிகை நடத்தினார். பிற்காலத்தில் ஹைத்தி நாட்டுக்கு அமெரிக்கப் பிரதிநிதியாகவும் போனார்.

டெலிபோனில் கேட்ட குரல்

“அது எல்லாம் அந்தக் காலம். இப்போது எதற்கு?” என்று கேட்கலாம். இந்தக் காலக் கதை ஒன்றும் இருக்கிறது.

ஜான் பாவ் என்பவர் மொழி ஆராய்ச்சிப் பேராசிரியர். கறுப்பர். கலிபோர்னியாவில் வாடகை வீடு தேடினார். டெலிபோனில் பேசினால், “வீடு காலி, வந்து பாருங்கள்” என்பார்கள். நேரில் போய் நின்றால் ஏதாவது சாக்குச் சொல்வார்கள். டெலிபோனில் அவர் பேச்சைக் கேட்டு வெள்ளைக்காரர் என்று நினைத்துவிட்டார்கள்!

பாவ் இதைச் சோதித்துப் பார்க்கத் தீர்மானித்தார். அவருக்கு மூன்று விதமாகப் பேச வரும். படித்த வெள்ளைக்காரர் போல. கறுப்பர் போல. மெக்சிகோ வழி வந்தவர் போல. சான்பிரான்சிஸ்கோ பக்கத்து ஊர்களில் வீட்டு விளம்பரம் கொடுத்தவர்களுக்கு மூன்று விதமாகவும் டெலிபோன் செய்தார். கேட்ட கேள்வி ஒன்றே. ஆளும் ஒருவரே. பேச்சு மட்டும் வேறு.

வெள்ளையர்கள் அதிகமாக வாழும் ஓர் ஊரில், வெள்ளைக்காரர் போலப் பேசியபோது 100-க்கு 70 பேர் வரச் சொன்னார்கள். மற்ற இரண்டு விதமாகப் பேசியபோது 100-க்கு 30 பேர்கூட வரச் சொல்லவில்லை!

வீட்டு விஷயத்தில் இன வேற்றுமை காட்டக்கூடாது என்று அமெரிக்காவில் 1968-லேயே சட்டம் வந்துவிட்டது. இந்த ஆராய்ச்சி வெளிவந்ததோ 1999-ல்.

“நன்றாகப் பேசுகிறாய்” என்றால் என்ன அர்த்தம் என்பது இப்போது புரிகிறதா? பல சமயம், “எங்களைப் போலப் பேசுகிறாய்” என்றுதான் அதற்கு அர்த்தம்.

பாராட்டுக் கிடைக்காதவர்கள்

அப்படிப் பேசாதவர்களின் கதி என்ன?

2012-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் புளோரிடா மாகாணத்தில் டிரேவான் மார்ட்டின் என்ற 17 வயதுக் கறுப்புப் பையன் சுட்டுக் கொல்லப்பட்டான். சாவதற்குச் சற்று முன்பு வரை அவன் தன் தோழியுடன் டெலிபோனில் பேசிக்கொண்டிருந்தான். 2013-ல் வழக்கு நடந்தது. 19 வயதான அந்தப் பெண்தான் முக்கிய சாட்சி.

அவள் பேசியது கறுப்பர்கள் வீட்டில் பேசும் இங்கிலீஷ். அதற்கும் இலக்கணம் உண்டு, ஒழுங்கு உண்டு என்று மொழி அறிஞர்கள் பல ஆண்டுகளாக எடுத்துச் சொல்லி வருகிறார்கள். ஆனால், கோர்ட்டில் அது எடுபடவில்லை. அவள் பேசியதில் பல சொற்களைத் தான் கேட்டதே இல்லை என்றும், அவள் சொன்னது நம்பும்படி இல்லை என்றும் ஜூரர்களில் ஒருவர் பிறகு டெலிவிஷனில் சொன்னார். சுட்டவர் விடுதலை செய்யப்பட்டார்.

தீர்ப்புக்குப் பல காரணங்கள் இருக்கலாம். ஆனால், பேச்சு நடையைப் பார்த்து ஆளை எடை போட்டால், அது கோர்ட்டுக் கூண்டு வரை வரும் என்பதற்கு இந்த வழக்கு உதாரணம். “நன்றாகப் பேசுகிறாய்” என்று ஒருவருக்குக் கிடைக்கும் பாராட்டும், “நீ பேசுவது நம்பும்படி இல்லை” என்று இன்னொருவருக்குக் கிடைக்கும் தண்டனையும் ஒரே தராசில் நிறுத்தவைதான்.

நம் வீட்டில்?

இது எங்கோ அமெரிக்காவில் நடப்பது, நமக்கு என்ன என்று பேப்பரை மடித்துவிட வேண்டாம்.

நம் பிள்ளைகள் வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறார்கள். வேலைக்குப் போகிறார்கள். “அடடே, நன்றாக இங்கிலீஷ் பேசுகிறாயே!” என்று அங்கே அவர்களிடம் சொல்கிறார்கள். ஒன்றாம் வகுப்பில் இருந்து இங்கிலீஷ் படித்த பிள்ளை, சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியாமல் விழிக்கிறது.

நாம் மட்டும் என்ன? வீட்டு வேலை செய்யும் அம்மாவின் மகள் வருகிறாள். பள்ளிக்கூடத்தில் நடந்ததைத் தெளிவாகச் சொல்கிறாள். “பரவாயில்லையே! உன் மகளா இப்படிப் பேசுகிறாள்?” என்று கேட்கிறோம். அந்தத் தாய் சிரிக்கிறாள். அது நாம் சம்பளம் கொடுப்பதால் வந்த சிரிப்பாகவும் இருக்கலாம். சிறுமி தாயின் முகத்தைப் பார்க்கிறாள். தன் தாயைப் பற்றி நாம் என்ன நினைக்கிறோம் என்பது அவளுக்கு அந்த நிமிஷம் தெரிந்துபோகிறது.

எப்படிப் பாராட்டுவது?

அப்படியானால், யாரையும் பாராட்டவே கூடாதா?

தாராளமாகப் பாராட்ட வேண்டும். பாராட்டுக்கு ஏங்காத மனம் இல்லை. ஆனால், பாராட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளலாம்.

“இதே வார்த்தையை என் இனத்தவரிடம், எனக்குச் சமமானவரிடம், எனக்கு மேலே உள்ளவரிடம் சொல்வேனா?”

சொல்வேன் என்றால், அது நல்ல பாராட்டு. தயங்காமல் சொல்லலாம். சொல்லமாட்டேன் என்றால், உள்ளே “இருந்தாலும்” ஒளிந்திருக்கிறது. அதை விட்டுவிடுவது நல்லது.

இன்னொரு வழியும் உண்டு. ஒருவர் எப்படிப் பேசினார் என்பதை விட்டு, என்ன பேசினார் என்பதைப் பாராட்டலாம். “நீங்கள் சொன்ன யோசனை நன்றாக இருக்கிறது.” “நீங்கள் கேட்ட கேள்வி என்னை யோசிக்க வைத்தது.” இப்படிச் சொன்னால், அவர் பேச்சை நாம் கவனித்துக் கேட்டோம் என்று அர்த்தம்.

அன்று வெள்ளை மாளிகையில் போகாய் தன் நாட்டைப் பற்றிப் பேசினார். அமெரிக்கா லைபீரியாவில் முதலீடு செய்ய வேண்டும் என்று கேட்டார். ஒரு நாட்டின் தலைவர் தன் ஜனங்களுக்காகக் கேட்ட கேள்வி அது.

அவர் எப்படிப் பேசினார் என்பது உலகம் முழுவதும் தெரிந்துவிட்டது. என்ன பேசினார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?